ஒன்றரைச் சொட்டு

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பழைய பிளாக்கை வைத்திருக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். அடியில் மரக்கட்டை, அதன் மேல் ஆணியடித்த துத்தநாகத் தகடு. தகட்டில் இரண்டு கண்கள். மை தீட்டிய பெண் கண்கள். யார் செத்தாலும் போஸ்டரில் அழுவது ஏனோ பெண் கண்கள்தான். இமை மயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு சுத்தமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கண்ணின் ஓரத்தில் சொட்டு முழுசாகத் தொங்குகிறது. இன்னொன்றின் சொட்டு பாதியில் உடைந்திருக்கிறது. எப்போதோ சிமெண்டுத் தரையில் விழுந்ததில் வந்த வினை. அதனால் இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் ஊரில் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்றரைச் சொட்டுக் கண்ணீர்தான் கிடைத்தது.

ஊர் கோவில்பட்டி. அச்சகம் என் பெரியப்பாவுடையது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கொடைவிழா நோட்டீஸ், கருமாதிக் கார்டு. அதில் கருமாதிக் கார்டுக்குத்தான் கெடுபிடி அதிகம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் அவகாசம் இருக்கும். சாவுக்கு மூன்று மணி நேரம்கூட இருக்காது. அழுத முகத்தோடு ஒருவர் வந்து நிற்பார். கம்பாசிட்டர் அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் ஸ்டிக்கைக் கையில் எடுப்பார். பெயர், தோற்றம், மறைவு. மேலே அந்தக் கண்கள். சுற்றிலும் கறுப்பு பார்டர்.

1987 டிசம்பர் 24 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு வயது. எம்.ஜி.ஆர். விடிவதற்கு முன்பே போய்விட்டார். ரேடியோ சொன்னதும் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. எங்கள் அச்சகமும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியது. மீதிக் கால்வாசி வழியாகக் குனிந்து குனிந்து ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். ரிக்‌ஷா ஸ்டாண்டு, மூட்டை தூக்குகிறவர்கள், வார்டு கிளை, ரசிகர் மன்றம், பூக்கடைக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே போஸ்டர்தான். கீழே ‘இவண்’ மட்டும் மாறும்.

அன்றைக்கு இரண்டு சிக்கல். எங்களிடம் இருந்த எம்.ஜி.ஆர். பிளாக், எலெக்‌ஷனுக்குச் செய்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரட்டை விரலைக் காட்டிச் சிரிப்பு. வேறு படத்துக்குச் சிவகாசி போக பஸ் ஓடவில்லை. ஆக, மேலே கண்கள் அழ, கீழே அவர் ஓட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு சிக்கல் ‘ர்’. எம்.ஜி.ஆர்., கண்ணீர், தலைவர், மறைந்தார், இவர், அவர். பெரிய எழுத்தில் ‘ர்’ தீர்ந்துபோயிற்று. அண்ணாச்சி கொஞ்ச நேரம் கேஸைப் பார்த்தபடி நின்றார். பிறகு ‘மறைந்தார்’ என்பதை ‘மறைவு’ ஆக்கி, ஒரு ‘ர்’ரைக் காப்பாற்றிக் ‘கண்ணீர்’ருக்குக் கொடுத்தார். அப்படி எடுத்த எழுத்தை வைத்து டிரெடில் மெஷின் ராத்திரி முழுக்க ஓடியது. மைதாப் பசை காய்ச்ச அடுப்பு மூட்டியது பெரியம்மா. மாடு தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் போட்டார்கள். மறுநாள் போஸ்ட் ஆபீஸ் சுவரில் பார்த்தேன். ஒரே அழுகை, ஒரே சிரிப்பு, பதினேழு விதமான இவண்.

அந்தப் போஸ்டரை வாங்கிப்போனவர்களில் ஒருவர்கூட எம்.ஜி.ஆரிடம் பேசியவர் இல்லை. சினிமாக் கொட்டகையில் பார்த்தது, கூட்டத்தில் தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பியாகப் பார்த்தது. ஆனாலும் தன் பெயர் அந்தக் கறுப்பு பார்டருக்குள் வரவேண்டும். இது நம் காலத்து வியாதி என்று சொல்ல முடியாது. சங்கப் பாட்டிலேயே கையறுநிலை என்று ஒரு துறை தனியாக இருக்கிறது. பாரிக்குக் கபிலர், அதியமானுக்கு ஔவை. போனவன் எப்பேர்ப்பட்டவன் என்பதோடு, அவன் இல்லாமல் இனி நான் என்ன செய்வேன் என்பதும் அதில் சேர்ந்தேதான் ஒலிக்கும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் நினைவுக்கு அடிக்கும் சின்னப் புத்தகத்துக்குக் ‘கல்வெட்டு’ என்று பெயர். அச்சுக்கு வந்த பிறகும் கல்லை விடவில்லை பாருங்கள்.

ஆஃப்செட் வந்தது, டிடிபி வந்தது, ஃப்ளெக்ஸ் வந்தது. பெரியப்பா டிரெடிலை எடைக்குப் போட்டார். அண்ணாச்சி ஈய எழுத்தை விட்டுவிட்டு ஒரு டிடிபி சென்டரில் புரூஃப் பார்க்கப் போனார். போகும்போது அந்த பிளாக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ‘நீதான் எழுதுகிற ஆளு, வச்சுக்கோ’ என்று என்னிடம் தந்தார்.

கண்கள் மட்டும் வேலையை விடவில்லை. கம்ப்யூட்டருக்குள் புகுந்து கலரில் பிறந்தன. கூடவே குத்துவிளக்கு, மேகம், இரண்டு புறா, உதிர்கிற ரோஜா இதழ் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஃப்ளெக்ஸ் சதுர அடிக் கணக்கு என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த இடத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. பழைய போஸ்டரில் இரங்குகிறவனுக்குப் பெயர் மட்டும்தான். ஃப்ளெக்ஸில் அவனுக்குப் படமும் கிடைத்தது. முதலில் ஸ்டாம்பு அளவு, அப்புறம் பாஸ்போர்ட் அளவு, அப்புறம் கூலிங் கிளாஸ் போட்ட அரை உருவம். போனவர் வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறி ஒரு மூலையில் வட்டத்துக்குள் ஒடுங்கினார். 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உயிரோடு இருப்பவர்கள் படத்தை பேனரில் போடக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டது. அது பிறகு என்ன ஆனது என்பது வேறு கதை. அன்று டிடிபி சென்டரில் உட்கார்ந்திருந்த பையன், “அப்போ செத்தாத்தான் பேனர்ல இடமா அண்ணே” என்று கேட்டது மட்டும் மறக்கவில்லை.

அப்துல் கலாம் விஷயத்தில் இந்த வேடிக்கை கொஞ்சம் அடங்கியிருந்தது. 2015 ஜூலை 27 சாயங்காலம் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். 30ஆம் தேதி ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம். அந்த மூன்று நாளில் எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, டியூஷன் சென்டர் எல்லாவற்றிலும் கலாம். பலதில் இவண் பகுதியே இல்லை. அந்த முடியும் சிரிப்பும் போதும் என்று விட்டுவிட்டார்கள். கட்சிக் கொடி இல்லாத இவ்வளவு பெரிய இழவை எங்கள் ஊர்ச் சுவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் ஃபேஸ்புக்கில் அன்றைக்கு அழ வழியே இல்லை. இருந்தது ஒரே ஒரு கட்டைவிரல். கலாம் மறைந்தார் என்று போட்டால் அதற்குக் கீழே ஆயிரம் பேர் ‘லைக்’. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எந்த மனுஷனும் பதறுவான். ஆனாலும் அழுத்தினான், வேறு பொத்தான் இல்லை. மறு வருஷம் பிப்ரவரியில்தான் ஃபேஸ்புக் மற்ற முகங்களைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று, ஒரு சொட்டுக் கண்ணீரோடு மஞ்சள் முகம். எங்கள் பிளாக்கின் கண்கள் கறுப்பு, ஃப்ளெக்ஸ் கண்கள் கலர். இதற்குக் கண் என்று பார்த்தால் இரண்டு புள்ளிதான்.

அந்த மஞ்சள் முகத்துக்குத் தமிழ்நாட்டில் பெரிய வேலை வந்தது அதே வருஷம் டிசம்பரில். ஜெயலலிதா செப்டம்பர் 22இலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்: அக்டோபர் மாதமே எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் ஒன்றில் ஃபைல் தயாராக இருந்தது. ‘தோற்றம் 24.2.1948’. பக்கத்தில் ‘மறைவு’, அதற்கு எதிரே வெற்றிடம். அதைத் திறந்து பார்த்த அண்ணாச்சி, “தேதி இல்லாத போஸ்டர நான் கோர்த்ததே இல்லப்பா” என்றார். டிசம்பர் 5 சாயங்காலம் சில டிவிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லின. கட்சி ஆபீஸில் கொடியைப் பாதிக்கு இறக்கினார்கள். இல்லை, சிகிச்சை நடக்கிறது என்று மறுப்பு வந்ததும் கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். ஃபோன்களில் போன கண்ணீரைத் திரும்ப ஏற்ற முடியவில்லை. அழிப்பதும், மறுபடி போடுவதும், ‘உறுதியா தெரியுமா?’ என்று கேட்பதுமாக ராத்திரி நகர்ந்தது. பதினொன்றரை மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவுக்கு மேல் அறிவித்தார்கள். அந்த வெற்றிடத்தில் 5 விழுந்தது.

முந்திக்கொள்வது அதற்கு முன்பும் உண்டு, பிறகும் உண்டு. கவுண்டமணியை எத்தனை தடவை கொன்றிருக்கிறார்கள் என்று அவருக்கே கணக்கு இருக்காது. அந்தக் காலத்தில் இழவு சொல்லப் போகிறவன் நடந்து போவான், சைக்கிளில் போவான். தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஊரில் அடி விழும். இப்போது அடிப்பதற்கு ஆள் யாரென்று தெரிய வேண்டுமே.

2017இல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வந்தது. படம் போட்டால் ஒரு நாள் இருக்கும், தானாகப் போய்விடும். எங்கள் கண்களுக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் கிடைத்திருக்காது. பசை வேண்டாம், ஏணி வேண்டாம், மாடு தின்னாது, நகராட்சி கிழிக்காது. ஆள் இறந்த அரை மணிக்குள் ‘கண்ணீர் அஞ்சலி’ எடிட் பண்ணிக் குரூப்பில் போட ஊருக்கு ஒரு பையன் இருக்கிறான். அதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஸ்டேட்டஸ் போடுகிறவனின் பெயரும் முகமும் மேலே ஒரு சின்ன வட்டத்தில் தானாகவே வந்துவிடுகின்றன. தனியாகத் தன் படத்தை ஒட்டவேண்டிய தேவை போயிற்று. படம் முழுக்கப் போனவருக்கே திரும்பக் கிடைத்தது. ஃப்ளெக்ஸ் பிடுங்கியதை ஃபோன் கொடுத்துவிட்டது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல். எங்கள் பக்கம் கேதத்துக்கு வந்தவர்களை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. யார் வந்தார், யார் வாசலோடு போனார், யார் நீர்மாலைக்கு நின்றார் என்று மூன்று தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். வராதவன் வீட்டுக் கல்யாணத்தில் அது வெளியே வரும். இப்போது அந்த ஞாபகத்தை ஃபோன் எழுதி வைக்கிறது. பிரபலம் என்றால் அந்தக் கணக்கு ஊர்ப் பொதுவாகிவிடுகிறது. இந்த நடிகர் ஏன் இரங்கல் போடவில்லை, அந்த இயக்குநர் ஏன் இரண்டு வரியோடு விட்டார், இவர் ஏன் நேரில் வரவில்லை. அழுதவர்களைவிட அழாதவர்கள் பெயர்தான் அதிகம் அடிபடும்.

2023 டிசம்பர் 28 விஜயகாந்த். அன்று காலை என் தங்கை மகன் என்னைக் கூப்பிட்டான். காலேஜில் படித்த காலத்தில் மீம்ஸ் பேஜ் ஒன்று நடத்தியவன். நாலைந்து வருஷம் அவர்கள் பிழைப்பே விஜயகாந்த்தான். மேடையில் நாக்குக் குழறியது, தொண்டர் தலையில் தட்டியது, நிருபர்களிடம் சீறியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவந்த கண்கள். சினிமாவில் அநியாயத்தைப் பார்த்துச் சிவந்த அதே கண்களை வேறு காரணத்துக்கு மாற்றி எழுதிச் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான், குரூப்பில் வந்ததை நாலு பேருக்கு அனுப்பியவன்தான்.

“மாமா, பழசெல்லாம் டெலீட் பண்ணிட்டிருக்கேன். கைதான் வலிக்குது, தீரல” என்றான்.

“நீ அழிச்சா போதுமாடா? ஊர்ல எல்லார் ஃபோன்லயும் இருக்குமே.”

“தெரியும் மாமா.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நல்ல ஃபோட்டோ ஒண்ணு வேணும். எங்கிட்ட இருக்கறது எல்லாம் மீம்ல வெட்டுனது.”

அன்று முழுக்க ஃபோனைத் திறந்தால் ‘மன்னிச்சிடுங்க கேப்டன்’. அவர் படப்பிடிப்பில் லைட்மேனுக்கும் ஹீரோவுக்கும் ஒரே சாப்பாடு போட்ட கதை, சாப்பிடாமல் வந்தவனை உட்காரவைத்துச் சாப்பிட வைத்த கதை, நடிகர் சங்கக் கடனை அடைத்த கதை. இதெல்லாம் அதற்கு முன்பும் இருந்த கதைகள்தான், யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை, அவ்வளவுதான். தீவுத்திடலில் கூட்டம் அலைமோதியது. கோயம்பேட்டில் கட்சி ஆபீஸ் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அஞ்சலி செலுத்த வந்த நடிகர் விஜய் மீது கூட்டத்திலிருந்து யாரோ செருப்பு எறிந்தார்கள். இழவு வீட்டில் பழைய கணக்கைத் தீர்ப்பது சென்னைக்குப் புதுசாக இருக்கலாம், எங்கள் பக்கத்துக்கு இல்லை.

செத்த பிறகு வருகிற அழுகைக்கு மரியாதை இல்லை, எல்லாம் நடிப்பு என்று நண்பர் ஒருவர் காரமாக எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தார். எந்த வீட்டுக் கேதம் என்றாலும் தெருமுனையிலேயே குரல் எடுப்பார். உள்ளே போய் மற்றப் பெண்களைக் கட்டிக்கொண்டு, முதல் இரண்டு வரி போனவருக்குப் பாடுவார். மூன்றாவது வரியில் தன் புருஷன் வந்துவிடுவார், ஐந்தாவதில் கிணற்றில் விழுந்த மகன். எல்லோருக்கும் அது தெரியும், யாரும் தப்பாக எடுத்ததில்லை. அழுவதற்கு ஒரு வீடு கிடைத்தது, அழுகிறாள். அந்த மீம்ஸ் பையனும் அன்று விஜயகாந்துக்கு மட்டும் அழவில்லை. பதினெட்டு வயசில் தான் இருந்த லட்சணத்துக்கும் சேர்த்துத்தான் என்று அவன் குரலே சொன்னது.

இது எனக்குச் சரியாக உறைத்தது அதற்கும் மூன்று வருஷம் முன்னால், எஸ்.பி.பி. போன அன்று.

2020 ஜூன் மாதம் அண்ணாச்சியின் சம்சாரம் தவறிவிட்டார். சர்க்கரையும் சிறுநீரகமும். பொது முடக்கக் காலம். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. ஊரடங்கு என்ற சொல்லின் அர்த்தம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. பந்தல் இல்லை, கொட்டு இல்லை, பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொள்ளப் பயந்து தள்ளித் தள்ளி நின்று அழுதார்கள். திருப்பூரிலிருந்து அண்ணாச்சியின் தம்பி வரவேண்டும். இ-பாஸ் கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. அண்ணாச்சி திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்பி வாசலில் நின்று அழுதுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அதன் பிறகு பேச்சு இல்லை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி எஸ்.பி.பி. தனக்கு லேசான கொரோனா என்று தானே வீடியோவில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடுத்த வாரமே நிலைமை மோசமானது. அவர் மகன் சரண் அவ்வப்போது வீடியோவில் வந்து அப்பா எப்படி இருக்கிறார் என்று ஊருக்கே சொன்னார். நடுவில் கிளம்பிய பொய்ச் செய்தியை மறுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு எல்லோரும் அவர் பாட்டைப் போட்டுப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று திரைத்துறைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டில் நாலு பாட்டு ஒரே நேரத்தில் ஓடி எதுவும் காதில் விழவில்லை. அண்ணாச்சி வீட்டு ரேடியோ மட்டும் சும்மா இருந்தது.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி தாண்டிச் செய்தி வந்தது. மூன்று மணிக்குள் என் ஃபோனில் ஸ்டேட்டஸ் எல்லாம் எஸ்.பி.பி. மைக் பிடித்த எஸ்.பி.பி., குலுங்கிச் சிரிக்கும் எஸ்.பி.பி., மேகத்துக்குள் எஸ்.பி.பி. மேலே இரண்டு கண்கள். வருஷக்கணக்கில் பேசாத ஆட்கள்கூட இருந்தார்கள். உற்றுப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அதில் பாதிப் பேர் அந்த ஆறு மாதத்தில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். அப்பாவுக்கு, அத்தைக்கு, பக்கத்து வீட்டு சாருக்கு அழ முடியாமல் போனவர்கள். வாய்விட்டு அழ ஒரு பொது இழவு வேண்டியிருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போனேன். திண்ணையில் ஸ்டாம்பு பேட், ஒரு வெள்ளைத் தாள். சட்டைப் பையிலிருந்து பிளாக்கை எடுத்தார். மூன்று முறை தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, தாளின் தலைப்பில் நேராக வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். கண்கள் விழுந்தன. ஊதா நிறத்தில், ஒன்றரைச் சொட்டோடு. கீழே பேனாவால் ‘பாலு’ என்று எழுதினார். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, சின்னதாகத் தன் சம்சாரத்தின் பெயர். தேதி போடவில்லை.

“எல்லாரும் போன்ல போடுறாகளே, இத அதுல போடு” என்றார்.

ஃபோட்டோ எடுத்து அவர் ஃபோனிலேயே ஸ்டேட்டஸாக வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போனபோது, யார் பார்த்தார்கள் என்று படிக்கச் சொன்னார். பதினான்கு பேர். ஒவ்வொரு பெயருக்கும் ‘ம்’ கொட்டினார். பன்னிரண்டாவது, திருப்பூர்த் தம்பி. ‘ம்’ வரவில்லை.

தம்பி பதிலும் அனுப்பியிருந்தார். ‘அண்ணே’. அதற்குப் பக்கத்தில் மூன்று மஞ்சள் முகம். என் மகள் வயசுப் பிள்ளைகள் சிரிப்புத் தாங்கவில்லை என்றால் போடுகிற அதே முகம். வாய் பிளந்து, கண் இரண்டிலிருந்தும் தாரை தாரையாக. அதை எப்படிச் சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் அண்ணாச்சி ஃபோனை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புரூஃப் பார்க்கிற மாதிரி கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுக்கு ரெண்டு பக்கமும் முழுசா வருது போல” என்றார்.